ஆப்பிரிக்க நகரங்களில் குடிநீர்க் கசிவும் நீரின் தரமும்: எந்த வேலையை முதலில் செய்வது? முழுமையான வழிகாட்டி

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நகரங்களின் குடிநீர் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் நம்மூர்ப் பொறியாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கசிவு கண்டுபிடிக்க எந்தக் கருவி வாங்கலாம்?" இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். கருவிக்கு இந்த வழிகாட்டியில் எட்டாவது இடம். முதல் ஏழையும் தாண்டிக் குதித்தவர்கள் ஆறு மாதம் கழித்து, நூறு கசிவுகளை அடைத்த பிறகும், இழப்பு விழுக்காடு அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

கசிவும் தரமும் இரண்டு துறைகளின் வேலை என்று பிரித்துவைப்பதும் தவறு. குழாயில் அழுத்தம் இருக்கும்போது நீர் வெளியேறும் அதே ஓட்டை வழியாகத்தான், அழுத்தம் விழும்போது சாக்கடை நீர் உள்ளே வருகிறது. கசிவை ஈடுகட்ட நிலையத்தைக் கொள்ளளவுக்கு மேல் ஓட்டினால் வடிகட்டிகள் கலங்கலை விட்டுவிடும். பில்லாக மாறாத நீர் குளோரின் வாங்கும் பணத்தைத் தின்றுவிடும். ஆகவே இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தே எழுதுகிறேன்.

## 1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிகள் குறைவுதான்: டி.பி.டி. மாத்திரை போட்டுக் குளோரின் பார்க்கும் கிட், கலங்கல் அளக்கும் மீட்டர், ஐந்தாறு பிரஷர் கேஜ், பதிவு செய்யும் பிரஷர் லாகர் இரண்டு, நீண்ட அளவு நாடா, எல்லா அளவு வால்வுகளுக்கும் பொருந்தும் சாவிகள்.

கருவியைவிட ஆள் முக்கியம். 20 ஆண்டுகளாக வால்வு திறந்து மூடும் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். எந்த வால்வு உடைந்திருக்கிறது, எது இடப்பக்கம் சுற்றினால் மூடும், எது தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருக்கும். அலுவலக வரைபடத்தில் இருக்காது. முதல் வாரம் முழுக்க அவரோடு நடங்கள். அவர் காட்டுவதையெல்லாம் கைபேசியில் இடக்குறியோடு பதிந்துகொள்ளுங்கள். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த ஊரின் உண்மையான வரைபடமும் போய்விடும்.

வாடிக்கையாளர் பட்டியலையும் கடைசி 12 மாத பில் தரவையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அது கைக்கு வர நாளாகும்.

## 2. குளோரின்: முதல் வாரத்து வேலை

மற்ற எதுவும் காத்திருக்கலாம். இன்று மாலை குழந்தை குடிக்கப்போகும் நீர் காத்திருக்காது. சாம்பியாவின் லுசாகாவில் 2017–18இலும் 2023–24இலும் காலரா பரவியபோது, நகரின் நீரில் கணிசமான பங்கு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிணறு பல என்றால் குளோரின் போடும் இடமும் பல. ஒன்றில் மருந்து தீர்ந்தாலும் ஒரு பகுதி முழுவதும் காப்பில்லாமல் போகும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பிஎச் 8க்குக் கீழே இருக்க, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு எஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி.; வீட்டுக்குப் போய்ச் சேரும் இடத்தில் குறைந்தது 0.2 மி.கி. அந்த 30 நிமிடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டியின் வெளிக்குழாயில் சொட்டவிட்டு, முதல் வீட்டிலேயே 0.5 காட்டுகிறது என்று மகிழ்வதில் பயனில்லை. கிருமி சாக நேரம் வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. மணிக்கு 200 கன மீட்டர் நீர், லிட்டருக்கு 1.5 மி.கி. மருந்து என்றால் மணிக்கு 300 கிராம் குளோரின். 65 விழுக்காடு வீரியமுள்ள எச்.டி.எச். எனும் குளோரின் பொடி என்றால் 300ஐ 0.65ஆல் வகுக்க, ஏறத்தாழ 460 கிராம்.

தடுமாற்றம் இதற்குப் பிறகுதான். தகரக் கொட்டகையில் மூடி திறந்து கிடக்கும் டிரம்மில் வீரியம் 50 விழுக்காடாக இறங்கியிருக்கலாம். அப்போது அதே 460 கிராமில் கிடைப்பது 230 கிராம்தான்; லிட்டருக்கு 1.15 மி.கி. நீரே 0.9 மி.கி.யை விழுங்கும் என்றால், 0.6 எஞ்ச வேண்டிய இடத்தில் 0.25 எஞ்சும். ஊர்க் கோடிக்குப் போவதற்குள் அதுவும் தீர்ந்துபோகும். இயக்குநர் பொய் சொல்லவில்லை. அவர் சரியாகத்தான் எடைபோட்டார். எனவே டிரம்களைத் தேதி எழுதி நிழலில் வையுங்கள், பழையதை முதலில் எடுங்கள், மாதம் ஒருமுறை வீரியம் பாருங்கள்.

சோதனையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள்:

- மாதிரியைப் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் குளோரின் பார்ப்பது. வழியிலேயே குறைந்துவிடும். குழாயடியிலேயே பார்க்க வேண்டும்.
- மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் எடுப்பது. அது அந்த வீட்டுத் தொட்டியின் கதை. மீட்டருக்கு அருகே, நேரடி லைனில் எடுங்கள்.
- குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது டி.பி.டி. நிறம் வெளுத்து "இல்லை" என்று காட்டுவது. சந்தேகம் வந்தால் மாதிரியில் சுத்தமான நீர் கலந்து மீண்டும் பாருங்கள். இந்தப் பிழையால் மருந்தை இரட்டிப்பாக்கிய நிலையம் ஒன்றை நேரில் பார்த்தேன்.
- மாத்திரையை விரலால் நசுக்குவது.

மாதிரி எடுக்கும் இடம் அலுவலக வாசல் குழாயாக இருக்கக் கூடாது. லைனின் கடைசி முனை, மேட்டுப்பகுதி, மக்கள் 20 லிட்டர் ஜெர்ரிகேனோடு வரிசையில் நிற்கும் நீர்க் கியோஸ்க் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 0.2 இருந்தால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் இருக்கும். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கான மாதிரியைக் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டிலில் எடுத்து, பனிப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

## 3. சுத்திகரிப்பு நிலையம்: கலங்கலைத் தாண்டிக் குளோரின் வேலை செய்யாது

மண் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது. அதனால்தான் வடிகட்டியிலிருந்து வெளிவரும் நீர் 1 என்.டி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு வடிகட்டியையும் தனித்தனியே அளங்கள். மொத்தமாக அளந்தால், ஆறில் ஒன்று உடைந்து மண்ணை விட்டுக்கொண்டிருப்பதை மற்ற ஐந்தும் மறைத்துவிடும்.

மூலநீர் ஊருக்கு ஊர் மாறும். உகாண்டாவின் கம்பாலாவுக்கு நீர் தரும் கபா நிலையங்கள் விக்டோரியா ஏரியின் மாசுபட்ட விரிகுடா ஒன்றிலிருந்து எடுக்கின்றன. அங்கே பாசி வடிகட்டியை அடைக்கும். கானாவில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களால் பிரா ஆறு சேறாகி, 2024இல் செக்யெரெ ஹெமாங் நிலையம் தன் வடிவமைப்பு அளவைப் பல மடங்கு தாண்டிய கலங்கலோடு போராடியது. கேப் கோஸ்ட் பகுதிக்குப் போகும் நீர் குறைந்தது. அப்படிப்பட்ட நிலை வந்தால் படிகார அளவைக் கண்டுபிடிக்க நீங்கள் பீக்கரில் செய்யும் ஜார் டெஸ்ட் காப்பாற்றாது, ஆற்றங்கரையில்தான் தீர்வு.

சாதாரண நிலையில் ஜார் டெஸ்ட் தினமும், மழைக்காலத்தில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் செய்யுங்கள். ஆறு பீக்கர், ஆறு அளவு படிகாரம், ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, 15–20 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் படியவிட்டுப் பாருங்கள்.

ஆனால் முதலில் படிகாரக் கரைசல் தொட்டியைப் பாருங்கள். கட்டிப் படிகாரத்தைத் தொட்டியில் போட்டு, கரைசல் தீரத் தீர அதன்மேலேயே நீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். காலையில் கரைசல் கெட்டி, மாலையில் நீர்த்துப்போயிருக்கும். அப்படியிருக்க ஜார் டெஸ்டில் வந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எடைபோட்டு, குறிப்பிட்ட அளவு நீரில், இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றிக் கரைக்க வைப்பதே நான் எந்த நிலையத்திலும் செய்யும் முதல் திருத்தம். செலவு அநேகமாக இல்லை. பலன் அதே வாரத்தில் தெரியும்.

வடிகட்டியைக் கழுவிய உடனே வரும் நீர் கலங்கலாக இருக்கும். அதை வெளியே விடும் குழாய் இருந்தால் தெளியும்வரை வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் மெதுவாகத் திறந்து தொடங்குங்கள்.

மணிக்கு 400 கன மீட்டருக்குக் கட்டிய நிலையம் 520இல் ஓடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓடும். அந்த 120 கன மீட்டர் கசிவாகவே போகிறது என்றால், கசிவுக் குழுதான் நிலையத்தின் தரத்தைத் திருப்பித் தரப்போகிறது.

## 4. ஊருக்குள் போகும் நீரை அளப்பது

இங்கிருந்து இழப்பு வேலை. மொத்த நீரை அளக்கும் பெரிய மீட்டர் தவறாக இருந்தால், அதன்மேல் கட்டும் எல்லாம் தவறு. மீட்டர் ஓடாத இடங்களில் பம்பின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள அளவை மணிக்கணக்கால் பெருக்கி எழுதிவிடுவார்கள். 15 ஆண்டு தேய்ந்த பம்ப் அந்த அளவைத் தராது. இல்லாத நீரைத் தேடி ஊரெல்லாம் தோண்டுவீர்கள்.

மீட்டரைச் சோதிக்கப் பெரிய செலவு வேண்டாம். தொட்டியே அளவுகோல்.

முதலில் தொட்டியின் உள்வழி, வெளிவழி இரண்டையும் மூடி இரண்டு மணி நேரம் மட்டத்தைப் பாருங்கள். இறங்கினால் தொட்டி கசிகிறது அல்லது வெளி வால்வு முழுதாக மூடவில்லை. ஏறினால் உள் வால்வு விடுகிறது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு அடுத்ததைச் செய்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

பிறகு உள்வழி மூடியபடியே வெளிவழியைத் திறங்கள். 20 மீட்டருக்கு 15 மீட்டர் தொட்டியில் இரண்டு மணி நேரத்தில் மட்டம் 1.20 மீட்டர் இறங்கினால் போனது 360 கன மீட்டர்; மணிக்கு 180. மீட்டர் அதே நேரத்தில் மணிக்கு 205 காட்டினால் கிட்டத்தட்ட 14 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது.

காரணம் பெரும்பாலும் மீட்டரைப் பொருத்திய இடம். வளைவுக்கு அருகில், பாதி மூடிய வால்வுக்கு அடுத்து, குழாய் முழுதாக நிரம்பாத உயரத்தில் வைத்திருப்பார்கள். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் விட்டால் பெரும்பாலான மீட்டர்களுக்குப் போதும்.

## 5. நீர்க் கணக்கு எழுதுவது

ஒரு மாதக் கணக்கை எடுத்துக்காட்டாகப் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஊருக்குள் போன நீர் 3,00,000 கன மீட்டர். மீட்டர்படி பில் போட்டது 1,65,000. மீட்டர் இல்லாமல் பில் போட்டது 6,000. மீதி 1,29,000, அதாவது 43 விழுக்காடு, வருவாய் தராத நீர்.

அதை உடையுங்கள். குழாய் கழுவவும் தீயணைப்புக்கும் நீங்களே அனுமதித்தது 3,000. வீட்டு மீட்டர்கள் 10 விழுக்காடு குறைத்துக் காட்டினால் 18,300. திருட்டு இணைப்பு மதிப்பீடு 9,000. வாசிப்பு, பில் பிழை 3,000. இவற்றைக் கழித்தால் 95,700 கன மீட்டர் மண்ணுக்குள் போகிறது.

இப்போது பெரிய மீட்டரில் 5 விழுக்காடு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 15,000 கன மீட்டர். திருட்டு முழுவதையும்விட அதிகம். நான்காம் படியை ஏன் முன்னால் வைத்தேன் என்பது புரியும். கணக்குப் போட டபிள்யூ.பி. ஈஸிகால்க் என்ற இலவசக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பிழை வரம்பையும் கேட்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

விழுக்காட்டை மட்டும் நம்ப வேண்டாம். கென்யாவின் ஒழுங்குமுறை வாரியம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் நல்லது, 25 வரை ஏற்கலாம் என்று வைத்திருக்கிறது. நாட்டுச் சராசரியோ பல ஆண்டுகளாக 40ஐத் தாண்டியே நிற்கிறது. அரசிடம் காட்ட அந்த எண் வேண்டும். ஆனால் நாளுக்கு 8 மணி நேரம் நீர் விட்ட ஊரில் 16 மணி நேரம் விடத் தொடங்கினால் கசிவு கூடும், விழுக்காடும் கூடும். ஊர் முன்னேறியிருக்கும்; எண் கெட்டிருக்கும்.

அதனால் இணைப்புக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். மேலே சொன்ன ஊரில் 12,000 இணைப்புகள் என்றால் 95,700 கன மீட்டரை 30 நாளுக்கும் 12,000 இணைப்புக்கும் வகுக்க, 266 லிட்டர். 16 மணி நேரமே நீர் வருகிறது என்பதால் 24ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் 400 லிட்டர். மணி நேரம் கூடினாலும் இந்த எண்ணை அப்படியே ஒப்பிடலாம்.

விலையையும் எழுதுங்கள். மீட்டரில் விழாத நீர் விற்பனை விலையில் இழப்பு. மண்ணுக்குள் போகும் நீர் தயாரிப்புச் செலவில் இழப்பு. மலாவியின் பிளான்டயரில் ஷைர் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றுகிறார்கள். அங்கே கசியும் ஒவ்வொரு துளியிலும் மின்கட்டணம் இருக்கிறது. புவியீர்ப்பில் இறங்கி வரும் ஊரில் கணக்கு வேறு.

## 6. பில் பக்கத்து இழப்பு: முதல் பணம் இங்கேதான்

மண்ணைத் தோண்ட வேண்டாம், குழாய் வாங்க வேண்டாம். இங்கே வரும் வருவாயே பின்னால் வரும் வேலைக்கு முதலீடு.

துண்டிக்கப்பட்ட இணைப்புகளின் பட்டியலை எடுத்து வீடு வீடாகப் போங்கள். ஓராண்டாக இணைப்பில்லாத வீட்டில் தோட்டம் பச்சையாக இருந்தால் எங்கிருந்தோ நீர் வருகிறது. அடுத்து, தொடர்ந்து ஒரே எண் அல்லது பூஜ்யம் காட்டும் மீட்டர்கள். அதற்கடுத்து ஊரின் முதல் 50 பெரிய வாடிக்கையாளர்கள்: ஓட்டல், பள்ளி, படைமுகாம், மருத்துவமனை. இவர்களின் மீட்டர் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரிய மீட்டரில் சிறிய ஓட்டம் பதிவாகாது.

வீடுகளில் மிதவை வால்வு வைத்த தொட்டி இருந்தால், தொட்டி நிரம்பும் கடைசி நேரத்தில் நீர் நூலாக ஓடும். பழைய மீட்டர் அதை உணராது. பழைய மீட்டர்களில் நூறு கழற்றி, சோதனை பெஞ்சில் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். எந்த வயதில் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தபின் மாற்றுங்கள்.

திருட்டு இணைப்பில் என் கருத்து உறுதி: முதலில் பொதுமன்னிப்புக் காலம், தவணை வசதி, பிறகுதான் நடவடிக்கை. இணைப்புக் கட்டணம் ஒரு குடும்பத்தின் சில மாத வருமானம் என்றால், அவர்கள் ஊர் ஃபுண்டியை, அதாவது பிளம்பரை, அழைத்துக் குறைந்த விலையில் முடித்துக்கொள்வார்கள். அந்த ஒட்டு கசியும், சாக்கடைக்குள்ளே ஓடும். தண்டனையால் திருட்டு ஒளிந்துகொள்ளும், ஒழியாது.

## 7. மண்டலம் பிரிப்பதும் அழுத்தமும்

500 முதல் 3,000 இணைப்பு வரை உள்ள ஒரு பகுதியை எடுத்து, ஒரே வழியில் நீர் வரும்படி மற்ற வழிகளை மூடி, அந்த வழியில் மீட்டர் வைப்பதுதான் மண்டலம். முதலில் ஒன்றே ஒன்று. ஒரே ஆண்டில் இருபது தொடங்கிய ஊர்களில் இருபதும் எல்லை உடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லை வால்வுகளைச் சுற்று எண்ணி மூடுங்கள். ஒரே ஊரில் சில வால்வு வலப்பக்கம், சில இடப்பக்கம் மூடும். எண்ணாமல் விட்டால் மூடியதாக நினைத்துத் திறந்துவிடுவீர்கள்.

பிறகு பூஜ்ய அழுத்தச் சோதனை. இரவு 1 மணிக்கு மேல் உள்வழியையும் மூடிவிட்டு, பல இடங்களில் கேஜ் பாருங்கள். அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால் யாரும் வரைபடத்தில் போடாத குழாய் ஒன்று நீர் கொடுக்கிறது. மருத்துவமனைக்கும் கியோஸ்க்காரர்களுக்கும் முந்தைய நாளே சொல்லுங்கள். சோதனையைச் சுருக்கமாக முடியுங்கள். திறந்த பின் லைனைக் கழுவி, குளோரின் பார்த்துவிட்டுப் போங்கள். அழுத்தம் இல்லாத அந்த நேரத்தில் எது உள்ளே வந்தது என்று தெரியாது.

எல்லையில் மூடிய வால்வுக்குப் பின்னால் நீர் தேங்கும். அங்கே குளோரின் முதலில் சாகும். ஆகவே ஒவ்வொரு முட்டுமுனையிலும் கழிவு வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். கசிவுக் குழு போட்ட எல்லையால் தரக் குழுவின் எண்கள் கெட்டுப்போவது இப்படித்தான்.

மண்டலம் பொறுப்பையும் பிரிக்கும். உகாண்டாவின் தேசிய நீர், கழிவுநீர்க் கழகம் 2000களின் தொடக்கத்திலிருந்து தன் நகர அலுவலகங்களோடு உள் ஒப்பந்தம் போட்டு, இலக்கையும் ஊக்கத்தொகையையும் அவர்களிடமே விட்டது. யாருடைய நீர் தொலைகிறது என்று பெயர் சொல்ல முடிந்தால்தான் தேடுவார்கள்.

அடுத்தது அழுத்தம். உயர்ந்த இடம், தாழ்ந்த இடம், நடு இடம் மூன்றிலும் லாகரை ஏழு நாள் விடுங்கள். தாழ்ந்த இடத்தில் இரவு 80 மீட்டர் (நீரை அவ்வளவு உயரம் ஏற்றும் அழுத்தம்) காட்டினால், ஒரு கசிவைத் தேடும் முன்பே பாதி வேலை இருக்கிறது. குழாய் வகைகள் கலந்திருக்கும் ஊரில் அழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் கசிவும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். புதிய உடைப்புகளும் குறையும்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரின் கயேலிட்ஷா பகுதியில் 2001இல் செய்தது இதுதான். அங்கே நீர் போய்க்கொண்டிருந்தது பெரும்பாலும் வீடுகளுக்குள், அழுத்தம் தாங்காத குழாய் முனைகளிலும் கழிப்பறைத் தொட்டிகளிலும். வீடு வீடாகப் பழுது பார்ப்பதற்கு முன், நுழைவில் அழுத்தக் கட்டுப்பாடு வைத்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் கன மீட்டர் மிச்சமானது. 2005இல் அதே நாட்டின் செபோகெங், எவட்டன் பகுதிகளிலும் அதே வழி.

அழுத்தத்தை சாதாரண கேட் வால்வைப் பாதி மூடிக் குறைக்காதீர்கள். அடித்தட்டு அரித்து, பின்னால் அது மூடவே மூடாது. மேட்டு வீடுகளில் நீர் நிற்கும் அளவுக்கும் குறைக்காதீர்கள். ஏர் வால்வுக் குழிகளைத் திறந்து பாருங்கள்: மழைநீரும் சாக்கடையும் நிரம்பிக் கிடந்தால், அழுத்தம் விழும் ஒவ்வொரு முறையும் அந்த வால்வு காற்றுக்குப் பதில் அதைத்தான் உறிஞ்சும்.

## 8. கசிவு தேடுதல்

மண்டலம் உறுதியான பிறகு இரவு 2 முதல் 4 மணி வரையிலான ஓட்டத்தைப் பாருங்கள். 6,000 பேர் வாழும் மண்டலத்தில் மணிக்கு 18 கன மீட்டர் ஓடுகிறது என்போம். அந்த நேரத்தில் 6 விழுக்காட்டினர் ஒருமுறை பத்து லிட்டர் பயன்படுத்துவார்கள் என்ற நடைமுறைக் கணக்கில் 3.6 போகும். மீதி 14.4 கசிவு. இதை 24ஆல் பெருக்காதீர்கள். பகலில் அழுத்தம் குறைவு, கசிவும் குறைவு. 20ஆல் பெருக்கினால் நாளுக்கு 288 கன மீட்டர்.

இந்தக் கணக்கு 24 மணி நேரம் நீர் வரும் இடத்துக்கு மட்டும். முறை வைத்து நீர் விடும் ஊரில் இரவில் ஓடுவது வீட்டுத் தொட்டிகள் நிரம்பும் நீர். அங்கே ஒரு மண்டலத்தைத் தேர்ந்து, தொட்டிகள் நிரம்பும்வரை சில நாள் தொடர்ந்து நீர் விட்டு, அதன் பிறகு அளங்கள்.

கேட்கும் கம்பு, ஒலி ஒப்பீட்டுக் கருவி எல்லாம் இப்போது வெளியே வரட்டும். பிளாஸ்டிக் குழாயில் ஒலி தூரம் போகாது. சென்சார்களை நெருக்கமாக வைக்க வேண்டும். வால்விலும் மீட்டரிலும் காது வைப்பதே அங்கே நம்பகமானது. லுசாகா போன்ற சுண்ணப்பாறை நிலத்தில் கசியும் நீர் மேலே வராமல் கீழே இறங்கிவிடும். தரை காய்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மாறாக எங்காவது நீர் ஊறினால் அதில் குளோரின் பாருங்கள். இருந்தால் அது உங்கள் நீர். இல்லாவிட்டால் ஊற்றாகவும் இருக்கலாம், நெடுநேரம் மண்ணில் கிடந்த உங்கள் நீராகவும் இருக்கலாம்.

பெரிய லைனிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அரை அங்குலக் குழாய் நூறு, இருநூறு மீட்டர் தனித்தனியே ஓடுவதைப் பார்ப்பீர்கள். சாக்கடை ஓரத்தில் இடியாப்பம் பிழிந்ததுபோல் கிடக்கும். கசிவில் பெரும்பங்கும் மாசு நுழைவதில் பெரும்பங்கும் இங்கேதான் என்பது என் அனுபவம். அவற்றை ஒவ்வொன்றாக அடைத்து மாளாது. தெருவுக்குள் 63 மி.மீ. எச்.டி.பி.ஈ. (பிளாஸ்டிக் வகை) லைன் ஒன்றைக் கொண்டுபோய், வீட்டு இணைப்புகளைச் சில மீட்டராகக் குறுக்குங்கள். பழைய குழாய்களைப் பெரிய லைனிலேயே துண்டித்து மூடுங்கள். புதியதைப் போட்டுவிட்டுப் பழையதை உயிரோடு விட்டுவிடுவது நான் அதிகம் பார்த்த பிழை.

## 9. பழுது: வேகமும் சுத்தமும்

40 மீட்டர் அழுத்தத்தில் 5 மி.மீ. துளை ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் விடும், 1,400 ஜெர்ரிகேன். சாலையில் பீறிடும் உடைப்பு மணிக்கு 50 கன மீட்டர் போனாலும் பத்து மணி நேரத்தில் எல்லோரும் ஓடிவந்து அடைத்துவிடுவார்கள்: 500. அந்தச் சின்னத் துளை 60 நாள் கிடந்தால் 1,680. ஆகவே புகார் வந்த நேரம், இடம் கண்ட நேரம், அடைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். தாமதம் எங்கே என்று அப்போதுதான் தெரியும். பல ஊர்களில் அது கிளாம்பு வாங்கும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும்.

குழியிலுள்ள நீரைக் குழாய்க்குக் கீழே இறைத்துவிட்டுத்தான் லைனை முழுதாக மூட வேண்டும். அதுவரை குழாயில் கொஞ்சம் அழுத்தம் இருக்கட்டும்; நீர் வெளியே வரும்வரை சேறு உள்ளே போகாது. முதலில் வால்வை மூடிவிட்டுப் பிறகு தோண்டுவதுதான் வழக்கம், அதனால்தான் பழுதுக்கு மறுநாள் வயிற்றுப்போக்குப் புகார் வருகிறது. கிளாம்பையும் இணைப்புகளையும் 1 விழுக்காடு குளோரின் கரைசலில் துடைத்துப் பொருத்துங்கள். காற்று போகும்படி மெல்லத் திறங்கள். அருகிலுள்ள கழிவு வால்வு வழியே தெளியும்வரை விட்டு, குளோரின் வந்த பிறகே வீடுகளுக்குத் திறங்கள். பழுதுக் குழுவின் பையில் டி.பி.டி. கிட் இருக்கட்டும்.

## 10. சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

மண்டலத்துக்கு ஒரு தாள், ஐந்து வரி: இரவு ஓட்டம், நடு இடத்து அழுத்தம், கடைசி முனையில் குளோரின், அடைத்த கசிவுகள், அடைக்க எடுத்த சராசரி நாள். கசிவுக் குழுவும் ஆய்வகமும் ஒரே தாளில் எழுத வேண்டும். இரவு ஓட்டம் திடீரென ஏறி அதே வாரம் முனையில் குளோரின் விழுந்தால், எங்கே போய்ப் பார்ப்பது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

உங்கள் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்துங்கள். உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதட்டும். இரவுச் சோதனைக்கு அவரே குழுவை அழைத்துப் போகட்டும், வால்வு சாவிகள் அவர் கையில் இருக்கட்டும். அந்த மூன்று மாதத்தில் எந்த வரி வெறுமையாகக் கிடக்கிறதோ அதைத்தான் நீங்கள் இன்னும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு மட்டும் திரும்பிப் போங்கள்.